பக்கத்து வீட்டுக் கொம்பு

நான் அமெரிக்காவுக்குப் போனது எள்ளும் தண்ணீரும் இறைப்பதற்காக. இறைக்க வேண்டியவன் நான்தான் என்று முடிவாகியிருந்தது. நாளும் முடிவாகியிருந்தது: புரட்டாதி மாதத்து மகாளய அமாவாசை. கோயிலும் முடிவாகியிருந்தது. ஆள் இறந்துவிட்டானா என்பது மட்டும் முடிவாகவில்லை.

நூவார்க் விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் புரட்டிய அலுவலர் வந்த நோக்கம் என்ன என்று கேட்டார். அக்காவைப் பார்க்க என்றேன். அதுவும் உண்மைதான். முழு உண்மையையும் சொல்லியிருந்தால் எனக்குப் பின்னால் நின்ற வரிசை என்னை மன்னித்திருக்காது.

வெளியே வதனி நின்றாள். அக்காவின் மகள், டாக்டர். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் ஆட்களை மயங்க வைப்பது அவளுடைய தொழில். எவ்வளவு பெரிய ஆளையும் மயங்க வைப்பாளாம். அவளால் அசைக்க முடியாத ஒரே ஆள் வீட்டில் இருந்தார். அதற்குத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து என்னை வரவழைத்தாள்.

"மாமா, உங்களுக்கு இஞ்சை ஒரே வேலைதான்" என்றாள் காரை ஃப்ரீவேயில் ஏற்றியதும். "அம்மாவைச் சம்மதிக்க வையுங்கோ. தம்பிக்கு இந்த வருஷமாவது செய்ய வேணும். இப்பிடியே இழுபட்டுக்கொண்டு இருக்கேலாது."

"நீ சொல்லிப் பாத்தியோ?"

"நான் சொன்னா பேஷன்டிட்டக் கதைக்கிற மாதிரிக் கதைக்கிறனாம்."

தம்பி என்றது நிமலனை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் அவனை ஒரு பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அந்த பஸ் எங்கே போய் நின்றது என்று கண்டவர்கள் இல்லை. அத்தான் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வேறு ஆண் சகோதரம் கிடையாது. ஆகவே தாய்மாமனாகிய நான் தர்ப்பணம் செய்யலாம் என்று வதனி கோயிலில் விசாரித்து வைத்திருந்தாள். நிமலனுடைய படம் வீட்டு மண்டபத்தில், பேத்தியின் பள்ளிக்கூடப் படங்களோடு சேர்ந்து தொங்கியது. அத்தானுடைய படம் எதிர்ச் சுவரில் மாலையோடு இருந்தது. எந்தச் சுவர் யாருக்கு என்பதில் அக்கா கண்டிப்பானவர்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன். ஓய்வு பெற்றுவிட்டேன். விசாரணைகளில் தமிழில் சொல்வதை ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழுக்கும் மாற்றுவேன். கடைசி வருடங்களில் என் முன்னால் வந்தவர்களில் பெரும்பாலானோர் அக்காவைப் போன்ற தாய்மார்.

அக்காவின் வீடு பிரிட்ஜ்வாட்டரில். வீடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று மரியாதையான தூரத்தில் நிற்கின்றன. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் அடுத்த வீட்டுக்குத் தும்மல் வராது. அக்கா என்னைக் கண்டதும் "மெலிஞ்சு போனாய்" என்றார். நான் மெலியவில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு வணக்கம்.

முன் ஜன்னலோரம் அக்காவுக்கு ஒரு கதிரை இருந்தது. காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு அதில் உட்கார்ந்தால் மதியம் வரை தெருவைப் பார்ப்பார். பார்சல் கொண்டுவருபவர்கள் எல்லோரையும் அவருக்குத் தெரியும். யார் லீவில் போனார்கள், யாருக்குக் கால் சுளுக்கு என்றெல்லாம் சொல்வார். வான் சத்தம் கேட்டால் முட்டி வலியையும் மறந்து எழும்புவார். வருகிற பார்சலை எல்லாம் பிரித்துப் பார்த்துவிடுவார் என்று வதனி குறைப்பட்டாள்.

மறுநாள் காலை நேர வித்தியாசத்தில் நான் பிணம்போலத் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. நீளமாக ஒன்று. பிறகு உடைந்து உடைந்து சில. பிறகு பொடிப்பொடியாகப் பல. கடைசியில் திரும்ப நீளமாக ஒன்று. எழும்பி வெளியே வந்தேன். அக்கா சமையலறையில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சத்தமக்கா?"

"சங்கு. பக்கத்து வீட்டில ஆரோ மோசம் போயிட்டினம். நாலைஞ்சு நாளா ஊதுகினம். பெரிய குடும்பம் போல. நீ வரட்டும் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான், எனக்கு அவையளோட கதைக்கத் தெரியாது."

எங்கள் ஊரில் சாவு வீட்டில் அடுப்பு எரியாது. அயலார்தான் சோறு கொண்டுபோவார்கள். அக்கா சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, ரசம் எல்லாம் ஆக்கி முடித்தார். பேத்தி மாயா பள்ளிக்கூடப் பையோடு ஓடிக்கொண்டே, "அம்மம்மா, இட்ஸ் ஜஸ்ட் மிஸ்டர் சாம்!" என்றாள். செத்தவரின் பெயர் சாம் என்று நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டோம்.

சாம் கராஜ் வாசலில் நின்று எங்களுக்குக் கை காட்டினார். எழுபதைத் தாண்டிய மனிதர், தலையில் சின்னத் தொப்பி, கையில் முறுக்கிய ஒரு ஆட்டுக்கடாக் கொம்பு. அக்கா முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு பாத்திரத்தை நீட்டினார்.

"ஆர் மோசம் போனதெண்டு கேள்."

கேட்டேன். சாம் யோசித்தார்.

"என் மனைவி. ஆனால் அது ஆறு வருடத்துக்கு முன்னால்."

"ஆறு வருஷம் கழிச்சு இப்பதான் ஊதுறாரோ?" என்றார் அக்கா. இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

விஷயம் விளங்கியதும் சாம் சிரித்த சிரிப்பில் அவருடைய மேல்வரிசைப் பல் இறங்கி வந்தது. பல் புதிதாம். அதனால்தான் பயிற்சி எடுக்கிறாராம். யூதர்களுக்குப் புது வருடம் வருகிறது. அதற்கு முந்திய மாதம் முழுவதும் காலையில் கொம்பு ஊதுவார்கள். பெயர் ஷோஃபார். அவர்களுடைய சின்ன ஜெபக்கூடத்தில் ஊதுகிறவர் இவர். எதற்கு ஊதுகிறீர்கள் என்று கேட்டேன். நித்திரையில் இருக்கிற மனதை எழுப்ப என்றார். என் விஷயத்தில் அது நடந்துவிட்டது என்றேன்.

மரக்கறிதான் என்று உறுதி செய்துகொண்டு, காகிதத் தட்டில் போட்டு, நின்றபடியே சாப்பிட்டார். பூசணிக்காய்க் கறியை இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். அந்த நிமிடத்திலிருந்து அக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அடுத்த சில நாட்கள் காலையில் கொம்புச் சத்தம் நின்றதும் அக்கா ஒரு பாத்திரத்தோடு கிளம்புவார். நான் பின்னால் போவேன். ஓய்வு பெற்ற பிறகும் தொழில் என்னை விட்டபாடில்லை. கராஜில் மூன்று மடக்குக் கதிரைகள் போடப்பட்டன. சாம் கொம்பைக் கையில் தந்து பார்க்கச் சொன்னார். உள்ளே குடைந்து கோறையாக்கி, நுனியில் துளை போட்டிருந்தது. வேறொன்றும் இல்லை. வாய் வைக்கும் இடத்தில் உலோகம் பொருத்தக் கூடாது. வெடித்துவிட்டால் வேறு பொருளால் ஒட்டி ஊதக் கூடாது. நிமிர்ந்த கொம்பைவிட வளைந்தது நல்லது, ஏனென்றால் அன்று மனிதனும் வளைந்துதான் நிற்க வேண்டும் என்றார். மாட்டுக் கொம்பு ஆகாது என்றதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாட்டில என்ன பிழை?"

சாம் சொன்னார்: "ஒருகாலத்தில் எங்கள் ஆட்கள் பொன்னில் ஒரு கன்றுக்குட்டி செய்து கும்பிட்டு மாட்டிக்கொண்டார்கள். மன்னிப்புக் கேட்கப் போகும்போது அந்தச் சாட்சியையே கூட்டிக்கொண்டு போவதா?"

நீதிமன்றத்தில் காலம் கழித்தவன் என்ற முறையில் அது எனக்குச் சரியாகப் பட்டது. வழக்குத் தொடுத்தவன் வக்கீலாக வர முடியாது.

"அப்ப ஏன் ஆடு?" என்றார் அக்கா.

கடவுள் கேட்டார் என்று ஒரு தகப்பன் தன் மகனைப் பலி கொடுக்க மலைக்குக் கூட்டிப்போன கதையைச் சாம் சொன்னார். கத்தியை எடுத்த நேரம் வேண்டாம் என்று குரல் வந்ததாம். திரும்பிப் பார்த்தால் பற்றைக்குள் கொம்பு சிக்கிக்கொண்டு ஒரு ஆட்டுக்கடா. மகனுக்குப் பதிலாக அது.

"பிள்ளை தப்பிற்றுதோ?"

"தப்பியது."

"தாயிட்டக் கேட்டவையோ?"

நான் மொழிபெயர்த்தேன். சாம் கொம்பைத் துணியால் துடைத்தார். "அதைப் பற்றி எழுதவில்லை" என்றார். அக்கா தலையை ஆட்டினார். எழுதியிருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இதற்கிடையில் என் வேலை ஒரு அடி நகரவில்லை. நான் "அக்கா, நிமலன்ர விஷயம்..." என்று தொடங்கினால் இடியப்பம் வரும். "வதனி சொல்லுறதிலயும்..." என்றால் தோசை வரும். நான் உண்மையிலேயே பருக்கத் தொடங்கினேன். உடம்பைக் குறைக்க வெளியே நடந்து பார்த்தேன். அங்கே தெரு காருக்குப் போட்டது. நடைபாதை கிடையாது. நடந்து போகிற ஆளைக் கண்டால் ஏதோ ஆபத்து என்று நினைக்கிறார்கள். ஒரு பெண் காரை நிறுத்தி, உங்கள் வண்டி எங்கே பழுதாகிவிட்டது என்று கேட்டாள். எனக்கு வண்டி இல்லை என்றேன். இரக்கத்தோடு தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் தந்துவிட்டுப் போனாள். எங்கள் ஊரில் நடந்து போனால் எங்கே போகிறாய் என்றுதான் கேட்பார்கள். தண்ணீர் தருவதில்லை.

வதனிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "அந்தாளுக்கென்ன கொம்பே முளைச்சிருக்கு? அம்மா நெடுக அங்கதான் நிக்கிறா" என்றாள். முளைக்கவில்லை, கையில் வைத்திருக்கிறார் என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அம்மா, அந்தச் சத்தத்தை ஃபோனிலேயே கேக்கலாம், கனக்கக் கிடக்கு" என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தாள். அக்கா அதைப் போய்ச் சாமிடம் கேட்டார். அது கணக்கில் வராது என்றார் அவர். கடமை ஊதுவது அல்ல, கேட்பதுதான். கிணற்றுக்குள் ஒருவன் நின்று ஊத, வெளியே நிற்பவன் காதில் எதிரொலி மட்டும் விழுந்தால், அவன் கொம்பைக் கேட்டதாக ஆகாது. அப்படிப் பழைய சட்டமே இருக்கிறதாம்.

"எனக்கும் கனகாலம் கிணத்துக்குள்ளால வந்ததுதான்" என்றார் அக்கா. "அங்க கண்டனாம், இங்க கண்டனாம் எண்டு ஆரோ ஆருக்கோ சொல்லி எனக்குச் சொல்லுவினம். பெடியன்ர குரலை ஒருத்தரும் கொண்டுவரேல்லை."

அக்கா பிறத்தியாரிடம் நிமலனைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் மொழிபெயர்த்து முடித்ததும் சாம் தன் கதிரையை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டார். அது எனக்கு நல்லதாகப் பட்டது.

அமாவாசை நெருங்கியது. தர்ப்பைக்கும் எள்ளுக்கும் ஆர்டர் கொடுத்தால் பார்சலை அக்கா பிரித்துவிடுவார். உள்ளூர்க் கடையில் அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. ஆகவே ஜெர்சி சிட்டியில் இருக்கிற இந்தியக் கடைத்தெருவுக்கு என்னை அனுப்புவது என்று தீர்மானித்தார்கள். வதனியின் கணவன் கார்த்திக் சென்னைப் பிள்ளை, நூவார்க்கில் ஒரு வங்கியில் வேலை. காலையில் நூவார்க் வரை கூட்டிப்போய் ரயிலில் ஏற்றிவிட்டு, "மாமா, ஜேர்னல் ஸ்குவேர்ல எறங்கிடுங்க. அவ்ளோதான். மிஸ் பண்ணவே முடியாது" என்று சொல்லிவிட்டு, ஃபோனில் மீட்டிங் அட்டெண்ட் பண்ணப் போய்விட்டான்.

நான் மிஸ் பண்ணினேன். உடம்பு இன்னும் யாழ்ப்பாண நேரத்தில் இருந்தது. கண்ணை மூடியது தெரியும். திறந்தபோது ரயில் ஆற்றுக்குக் கீழே போய் மன்ஹாட்டனில் நின்றது. திரும்பி ஏறினேன். அடுத்து கண் திறந்தபோது நூவார்க். ஜேர்னல் ஸ்குவேரை இரண்டு தடவை கடந்திருக்கிறேன், இரண்டு தடவையும் நித்திரையில். மூன்றாம் தடவை பக்கத்தில் உட்கார்ந்த ஒரு இளைஞனிடம் முன்கூட்டியே விண்ணப்பித்தேன். "கவலப்படாதீங்க அங்கிள், நான் எழுப்பறேன், தூங்குங்க" என்றான். பிறகு என்ன விசா, க்ரீன் கார்டு இருக்கா என்று கேட்டுக்கொண்டே வந்ததால் நான் தூங்கவே இல்லை.

வாங்கிவந்த எள்ளை வேட்டிக்குள் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தேன். நீதிமன்றத்தில் எத்தனையோ ஒளித்து வைத்த பொருட்களைப் பற்றி மொழிபெயர்த்திருந்தும் இதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை. மாலையில் அக்கா என் உடுப்புகளைத் தோய்க்க எடுத்துப் போனார். கொஞ்ச நேரத்தில் கையில் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"எள்ளு ஆருக்கு?"

நான் வதனியைப் பார்த்தேன். வதனி பேசினாள். நிறையப் பேசினாள். தம்பியை இப்படி நடுவழியில் நிறுத்தி வைத்திருக்கிறீங்கள் என்றாள். அவன்ர ஆத்துமா சாந்தியடைய வேண்டாமோ என்றாள். கடைசியில், "எனக்கும் அவன் தம்பிதானே, நானும் அழ வேண்டாமோ அம்மா?" என்று கேட்டு அழுதாள். அக்கா பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு எள்ளுத் தண்ணி இறைச்சா என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியுமோ? அவன் எங்கையோ இருந்து தண்ணி கேட்டுக்கொண்டிருப்பான். நான் இஞ்சை இருந்து பாதை அடைக்கிறதோ?"

அதன் பிறகு அக்கா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். சோறு மட்டும் வந்தது. எள்ளைவிட ஒளித்து வைத்ததுதான் அவருக்கு அதிகம் சுட்டிருக்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் மறுநாள் காலை கொம்புச் சத்தம் நின்றதும் அவருக்கு ஒரு சிக்கல். நான் இல்லாமல் சாமோடு பேச முடியாது. கதவடியில் நின்று, என்னைப் பார்க்காமல், செருப்பைப் பார்த்தபடி "வா" என்றார்.

அன்று அவர் சாமிடம் கேட்டது சத்தத்தைப் பற்றி. ஏன் ஒன்று நீளம், ஒன்று மூன்றாக உடைந்தது, ஒன்று பொடிப்பொடி? நான் ஒரு குழாய்போல இருந்து இரண்டு பக்கமும் கடத்தினேன்.

சாம் சொன்னது இது. வேதத்தில் இன்ன நாளில் ஊது என்று ஒரு சொல் இருக்கிறது. எப்படி ஊதுவது என்பது பின்னால் வந்தவர்களுக்கு நிச்சயமில்லாமல் போய்விட்டது. வேதத்தை இன்னொரு மொழிக்கு மாற்றியவர்கள் அந்த இடத்தில் அழுகை என்று பொருள்படும் ஒரு சொல்லைப் போட்டிருந்தார்கள். அதே சொல் வேதத்தில் வேறோரிடத்தில், ஒரு தாய்க்கு வருகிறது. போருக்குப் போன தளபதி ஒருவனின் தாய். ஜன்னலில் நின்று தெருவைப் பார்க்கிறாள். அவனுடைய தேர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிறாள். அழுகிறாள். மகன் ஏற்கனவே செத்துவிட்டான், அவளுக்குத் தெரியாது. அவள் அழுத மாதிரித்தான் ஊத வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

மொழிபெயர்ப்பாளன் போட்ட ஒரு சொல்லில் ஒரு மதமே தொங்குவதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அக்கா வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்.

"ஆற்ற தாய்? இவையின்ர ஆளின்ர தாயோ?"

"இல்லை. எங்கள் எதிரி" என்றார் சாம். "எங்களைக் கொடுமைப்படுத்தியவன். அந்தப் போரில் வென்றது நாங்கள்."

"வெண்ட ஆக்கள், தோத்தவன்ர தாயின்ர அழுகையை எடுத்து வருஷா வருஷம் ஊதுகினமோ?"

"ஆம். எங்கள் புனிதமான நாளில்."

எங்கள் நாட்டில் வென்றவர்கள் ஊதியது வேறு. அக்கா சேலைத் தலைப்பை மடித்து மடித்து விரித்தார். பிறகு, "எப்பிடி அழுதவவாம்?" என்றார்.

அங்கேதான் தகராறு என்றார் சாம். அடிவயிற்றிலிருந்து பெருமூச்சாக முனகினாள் என்றார்கள் சிலர். அது உடைந்த மூன்று. இல்லை, துண்டு துண்டாக விக்கினாள் என்றார்கள் சிலர். அது பொடிப்பொடி. முனகித்தான் பிறகு விக்கினாள் என்று இன்னொரு கட்சி. தீர்க்க முடியவில்லை. ஆகவே மூன்று விதமாகவும் ஊதிவிடுவது என்று ஒரு பெரியவர் ஏற்பாடு செய்தார். அன்றிலிருந்து அப்படியே நடக்கிறது. உங்கள் மொழியில் இவற்றுக்கு என்ன சொல் என்று என்னைக் கேட்டார்.

விம்மல், விசும்பல், தேம்பல், கேவல் என்று சொல்லிக்கொண்டே போனேன். இத்தனை சொல் தெரிந்தும் தொழிலில் ஒன்றுகூடத் தேவைப்பட்டதில்லை. தாய்மார் அழும்போது மொழிபெயர்ப்பாளனுக்கு ஓய்வு. தட்டச்சுக்காரர் அடைப்புக்குறிக்குள் 'சாட்சி அழுகிறார்' என்று போட்டுவிடுவார். எந்த அழுகை என்று எந்தத் தரப்பும் கேட்டதில்லை.

அமாவாசை அன்று காலை எனக்குத் தானாகவே விழிப்பு வந்தது. ஏதோ ஒன்று குறைந்திருந்தது. கொம்புச் சத்தம் இல்லை. சனிக்கிழமைகளில் ஊத மாட்டார், அது தெரியும். ஆனால் அன்று புதன்கிழமை. முன்னறைக்கு வந்தேன். கதிரை வெறுமையாக இருந்தது. தேத்தண்ணீர் அப்படியே ஆறிக் கிடந்தது. வாசல் கதவு ஆவென்று திறந்திருந்தது.

வெறுங்காலோடு புல்லில் ஓடினேன். சாம் வீட்டுக் கதவும் திறந்திருந்தது. சமையலறையில் இரண்டு பேரும் உட்கார்ந்து தேனில் தோய்த்த அப்பிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா கம்பளிச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டியிருந்தார்.

"உங்கள் அக்கா ஓடிவந்து என் மூக்கில் கை வைத்துப் பார்த்தார்" என்றார் சாம். அவர் குரலில் முறைப்பாடு இல்லை. "நோ சவுண்ட், யூ ஓக்கே? என்று கேட்டார்."

ஊதினால் சாவு வீடு என்று நினைத்து வந்தவர், ஊதாவிட்டாலும் அதையே நினைத்து வந்திருக்கிறார். புது வருடத்துக்கு முதல் நாள் ஊதுவதில்லையாம். மேலே நம்மீது குற்றம் சாட்டுகிறவன் ஒருவன் இருக்கிறான், விசாரணை எந்தத் தேதி என்று அவனுக்குக் குழம்பட்டும் என்பதற்காக. எங்கள் நீதிமன்றத்தில் கொம்பு இல்லாமலே அரசுத் தரப்பு தேதியைக் குழப்பிக்கொள்ளும் என்று சொன்னேன். பண்டிகை இன்று மாலைதான் தொடங்குகிறது, ஆனால் அப்பிளுக்கு அது தெரியாது என்று சொல்லி எனக்கும் ஒரு துண்டு தந்தார்.

"தம்பி" என்றார் அக்கா. என்னை அப்படிக் கூப்பிட்டுச் சில நாட்களாகியிருந்தது. "இவரிட்ட ஒண்டு கேள். அண்டைக்குச் சொன்னவர், எந்த அழுகையெண்டு தெரியாமல் எல்லாத்தையும் ஊதுறதெண்டு. அதில ஒண்டுதானே சரியா இருக்கும்? மற்றது பிழைதானே? பிழையை ஏன் ஊதுகினம்?"

சொல்லுக்குச் சொல் கேட்டேன். சாம் விரலில் ஒட்டிய தேனைத் துடைத்தார்.

"ஒன்றுதான் சரி, இருக்கலாம். எது என்று எங்களுக்குத் தெரியாது. கேட்கிறவருக்குத் தெரியும், அவர் எடுத்துக்கொள்வார். சரியானதை விட்டுவிடாமல் இருப்பதுதான் எங்கள் வேலை."

நான் அதைத் தமிழில் சொன்னேன். தொழிலில் இவ்வளவு கவனமாக எதையும் சொன்னதில்லை. அக்கா கடைசி அப்பிள் துண்டைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு எழும்பினார்.

"போய் முழுகு. கோயிலுக்குப் போவம்."

வதனி நம்பவில்லை. காரில் கண்ணாடியில் தாயைப் பார்த்துப் பார்த்து ஓட்டி, திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டாள். ஃப்ரீவேயில் ஒரு திருப்பத்தை விட்டால் அடுத்ததற்கு நெடுந்தூரம் போக வேண்டும். அக்காவின் மடியில் எள்ளுப் பொட்டலம் இருந்தது.

கோயில் மண்டபத்தில் அமாவாசைக் கூட்டம். வேட்டிக்கு மேல் ஜாக்கெட் போட்ட ஆண்கள் வரிசையாகத் தட்டுகளின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வந்தது. இளம் ஐயர், கும்பகோணத்துப் பக்கத்துப் பேச்சு. யாருக்கு என்று கேட்டார். அத்தானின் பெயரைச் சொன்னேன். அடுத்தது? அக்காவைப் பார்த்தேன்.

"நிமலன்" என்றார் அக்கா. "தர்ப்பணம் செய்யுங்கோ ஐயா. முடிய, உள்ள சாமியிட்ட அதே பேருக்கு ஒரு அர்ச்சனையும் செய்ய வேணும். நட்சத்திரம் சதயம்."

ஐயர் குழம்பினார். "அம்மா, இருக்கறவாளுக்குத்தான் அர்ச்சனை. போனவாளுக்குத் தர்ப்பணம். ஒரே ஆளுக்கு ரெண்டும் பண்ண முடியாதே. நீங்க கொஞ்சம் அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கோ சார்."

அவர் பேசியதும் தமிழ், அக்கா பேசியதும் தமிழ். இருந்தாலும் பழக்கதோஷத்தில் அக்காவின் பக்கம் திரும்பினேன். அக்கா என்னைக் கையால் விலக்கினார். இந்தச் சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை.

"எனக்குத் தெரியேல்லை ஐயா" என்றார். "இருக்கிறானோ இல்லையோ எனக்குத் தெரியேல்லை. உங்களுக்குத் தெரியுமெண்டால் சொல்லுங்கோ. ஒண்டை மட்டும் செய்யிறன்."

ஐயர் தட்டைப் பார்த்தார், வதனியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தர்ப்பையை எடுத்து என் விரலில் மாட்டினார். எள்ளைக் கையில் வைத்துத் தண்ணீரை விடச் சொன்னார். நிமலனின் பெயரை அவர் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். முதல் தண்ணீர் தட்டுக்கு வெளியே விழுந்தது. அக்கா பின்னால் நின்று அழுதார். முதலில் விம்மல். பிறகு தேம்பல். வதனி தாயைப் பிடித்துக்கொண்டு தன் அழுகையையும் அழுதாள்.

சந்நிதியில் அக்கா அழவில்லை. அங்கே வேறு குருக்கள். அவர் அவசரத்தில் "அவிட்ட நட்சத்திரே" என்றார். "அவிட்டமில்லை ஐயா, சதயம்" என்று அக்கா கூட்டத்துக்கு மேலால் குரல் கொடுத்தார். பிழையான ஆளுக்குப் போய்விடக் கூடாது அல்லவா. குருக்கள் திருத்திச் சொன்னார். நிமலன், சதய நட்சத்திரம், நீண்ட ஆயுளும் தேக சுகமும்.

மறுநாள் காலை சாம் கொம்பைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெபக்கூடத்துக்கு நடந்து போனார். அன்றைக்கு அவர் கார் ஓட்டுவதில்லை. அந்தத் தெருவில் நடந்து போகிற இரண்டாவது மனிதரைக் கண்டதில் எனக்குச் சந்தோஷம். அக்கா ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். சாம் நின்றார். அக்கா இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டும் செய்தாயிற்று என்று. அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது, அவரும் இரண்டு விரலைத் தூக்கினார்.

நிமலனுடைய படத்தை எதிர்ச் சுவருக்கு மாற்றவா என்று வதனி கேட்கவில்லை. அக்கா தேத்தண்ணீரோடு கதிரையில் உட்கார்ந்தார். முனையில் ஒரு வான் திரும்பும் சத்தம் கேட்டது. அக்கா எழும்பிப் பார்த்தார்.